பௌர்ணமி பார்த்துப் போங்கள்

கேள்வி: ஆகஸ்டில் கலிபோர்னியாவில் உள்ள மகன் வீட்டுக்குப் போகிறோம். யோசெமிட்டி அருவியைப் பார்க்க முடியுமா?

பதில்: பாறையைப் பார்க்கலாம்! 739 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த அருவிக்குச் சோறு போடுவது குளிர்காலப் பனிதான். அது உருகித் தீர்ந்ததும், ஆகஸ்டில் பெரும்பாலும் வற்றிவிடும். டிக்கெட்டை மே மாதத்துக்கு மாற்றுங்கள். கீழருவிப் பாலத்தில் நின்றாலே மூக்குக்கண்ணாடி முழுக்கத் துளி. துடைத்து முடிப்பதற்குள் அடுத்த சாரல். பௌர்ணமி இரவென்றால், வானம் தெளிந்திருந்தால், அந்தச் சாரலில் நிலா வெளிச்சத்திலேயே வானவில் தெரியும். எத்தனை பேருக்குக் கிடைக்கும்! ஆனால் ஆற்றில் இறங்கிவிடாதீர்கள்: நேற்றுவரை பனியாக இருந்த தண்ணீர், இழுப்பும் பொல்லாதது. பேரப்பிள்ளையின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.