நாலு லட்சத்துக்கு மாமல்லபுரம்

வடபழனி ஆண்டவர் சந்நிதியில் மாலை மாற்றிக்கொண்ட தம்பதிகளுக்கு நாற்பதாவது கல்யாண நாளில் இரண்டு கடமைகள் உண்டு. அதே சந்நிதியில் ஓர் அர்ச்சனை. பிறகு எங்கேயாவது ஒரு பயணம். அர்ச்சனை விஷயத்தில் எந்த வீட்டிலும் தகராறு வந்ததில்லை. ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு தெருவில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் வீட்டில், இரண்டாவது கடமை இரண்டு வாரமாக விசாரணையில் இருந்தது.

பஸ் வேண்டாம் என்பதில் இருவரும் ஒன்று. கோயம்பேடு பஸ் நிலையம் இருந்தவரை வடபழனிவாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் மதுரை பஸ்ஸில் ஏறிவிடுவார். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு, பஸ் ஏறுவதற்கே ஒரு சிறு பயணம் போக வேண்டியிருக்கிறது. மெட்ரோவின் பச்சைத் தடமோ வடபழனியில் ஏற்றிக்கொண்டு எழும்பூரிலும் இறக்கிவிடும், சென்ட்ரலிலும் இறக்கிவிடும். ஆகவே ரயில்தான். எந்த ரயில் என்பதுதான் வழக்கு.

அவருக்கு ஆசை, கோல்டன் சாரியட். வேலையில் இருந்த காலமெல்லாம் எல்.டி.சி. என்ற விடுமுறைப் பயணச் சலுகையில் ஊர் ஊராகப் போனவர். போன இடமெல்லாம் அப்பர் பெர்த்தில் போனவர். கோவில் கோபுரத்தைவிட ரயில் மின்விசிறியை அதிகம் பார்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஓய்வுபெற்ற பிறகு முதியோர் சலுகையில் ஊர் சுற்றலாம் என்று அறுபது வயதை ஆவலோடு எதிர்பார்த்தவரும்கூட. 2020 மார்ச்சில் ரயில்வே அந்தச் சலுகையை நிறுத்திவிட்டது. வயது மட்டும் நிற்கவில்லை.

"ஒரு தடவையாவது ராஜா மாதிரி போகணும்" என்று அவர் கைப்பேசியை நீட்டினார். அம்மணி கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். வங்கியில் தணிக்கை செய்தவர் கணவர். வீட்டில் தணிக்கை செய்பவர் அம்மணி.

கோல்டன் சாரியட் கர்நாடக சுற்றுலாத் துறை 2008-ல் ஓடவிட்ட ரயில். பிறகு ஐ.ஆர்.சி.டி.சி.யின் கைக்கு வந்தது; இடையில் நின்றுபோய் 2024 டிசம்பரில் மறுபடி புறப்பட்டது. கதம்பர், ஹொய்சாளர், ராஷ்டிரகூடர் என்று பெட்டிக்கு ஒரு ராஜவம்சத்தின் பெயர். சாப்பிட 'ருசி', 'நளபாகம்' என்று இரண்டு உணவகங்கள். குடிக்க 'மதிரா'. அதற்குப் பிறகு உடம்பைத் தேற்ற 'ஆரோக்யா' என்று ஒரு ஸ்பா. நாற்பது அறைகள், எண்பது விருந்தினர்கள், ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியலறை.

அம்மணி எண்பது என்ற எண்ணில் நின்றார். இப்போது ஓடும் எல்.எச்.பி. ரகத்து ஸ்லீப்பர் பெட்டி ஒன்றிலும் எண்பது படுக்கைதான். அங்கே ஒரு முழு ரயிலில் பரவியிருக்கும் ஜனத்தொகை, இங்கே ஒரே பெட்டியில் அடங்கிவிடுகிறது. அங்கே நாற்பது குளியலறை. இங்கே இரண்டு பக்கமும் சேர்த்து நாலு கழிப்பறை, அதிலும் ஒன்று எப்போதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும். இதுவரை வழக்கு கணவர் பக்கம்தான் சாய்ந்தது.

"எவ்வளவு?"

2024-ல் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஐந்து இரவு சுற்றுக்கு ஒருவருக்கு நாலு லட்சத்தை ஒட்டிக் கட்டணம் வைத்திருந்தார்கள். மேலே ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி. இருவருக்கு எட்டு லட்சம், வரி நாற்பதாயிரம். அம்மணி எட்டு லட்சத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த நாற்பதாயிரத்துல நாம ரெண்டு பேரும் ஸ்லீப்பர்ல காசிக்குப் பத்து தடவை போயிட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னார். பிறகு குறுக்கு விசாரணை ஆரம்பமானது.

"எங்கே ஏறணும்?"

"பெங்களூர்ல."

"பெங்களூருக்கு?"

"ரயில்லதான் போகணும்."

"சரி. பெங்களூர்லேருந்து எங்கே?"

"தென்னகத்து மணிகள்னு ஒரு சுற்று. முதல்ல மைசூர்..." இந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. "அப்புறம் காஞ்சிபுரம், மாமல்லபுரம்."

சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க, நாலு லட்சம் குடுத்து, பெங்களூர் போய், மைசூரைச் சுத்தி, என்னை மாமல்லபுரத்துல கொண்டுவந்து இறக்குவாங்களா? அங்கேருந்து வீட்டுக்கு வந்து மோட்டார் போட்டு, டேங்க்கை நிரப்பிட்டுத் திரும்பிப் போயிடலாமே!"

தஞ்சாவூர், செட்டிநாடு, கொச்சி, சேர்த்தலை என்று மிச்ச ஊர்களை அவர் வேகமாகப் படித்தார். பயனில்லை. காஞ்சிபுரத்துக்கு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பட்டு எடுக்கப் போகிறவர் அம்மணி. செட்டிநாட்டில் சம்பந்தி வீடு இருக்கிறது. அங்கே போனால் காசு கேட்க மாட்டார்கள், திரும்பும்போது ஒரு டின் முறுக்கும் கொடுப்பார்கள்.

ராஜஸ்தான் பக்கம் போகலாமா என்று அவர் கேட்டுப் பார்த்தார். இந்த ஜமீன் ரயில்களுக்கெல்லாம் மூத்தது பேலஸ் ஆன் வீல்ஸ், 1982 ஜனவரி 26-ஆம் தேதி புறப்பட்டது. 2004-ல் மகாராஷ்டிரத்தின் டெக்கான் ஒடிஸி, 2010-ல் மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ் என்று வரிசை நீண்டது. இவற்றில் எதுவாக இருந்தாலும் ஒரு வழக்கம் உண்டு. பகலில் ரயில் நிற்கும், விருந்தினர் ஊர் பார்க்கப் போவார்கள். ரயில் பெரும்பாலும் ஓடுவது இரவில். அம்மணி இதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ராத்திரி ஓடினா ஜன்னல்ல என்ன தெரியும்? அதுவும் தூங்கற வண்டிதானே?"

உண்மைதான். சொகுசு ரயிலும் ஒரு ஸ்லீப்பர்தான். பக்கத்து அறைக்காரர் குறட்டை கேட்காமலிருக்க நடுவில் ஒரு சுவர் உண்டு என்பதுதான் வித்தியாசம். இன்னொரு சங்கதி வடபழனியில் பலருக்குத் தெரியாது. கோல்டன் சாரியட்டின் பெட்டிகளைச் செய்தது பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்த அதே ஆலையிலிருந்துதான், ஜன்னலுக்குக் கம்பி வைத்த நீலநிற ஸ்லீப்பர் பெட்டிகளும் வெளியே வந்தன. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் அமெரிக்கா போய் ஸ்பா வைத்த குளியலறை கட்டிக்கொண்டான். இன்னொருவன் ஊரோடு இருந்து எல்லாரையும் தாங்குகிறான்.

ஊரோடு இருந்தவன் வீட்டுச் சட்டதிட்டங்கள் தனி. எண்ணைச் சொன்னால் இடம் தெரியும்: 1, 4 லோயர், 2, 5 மிடில், 3, 6 அப்பர், 7 சைடு லோயர், 8 சைடு அப்பர். எட்டாம் வாய்ப்பாடு தெரிந்தவர் 64, 72 என்று டிக்கெட்டில் பார்த்ததுமே பெருமூச்சு விடலாம். மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்ட அனுமதி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. ஒன்பதரைக்கே தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மிடில் பெர்த்காரரும், பத்தரைக்கும் சுடோகு போட்டுக்கொண்டிருக்கும் லோயர் பெர்த்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் நாடகம் எந்த சபாவிலும் கிடையாது. ஆர்.ஏ.சி. என்றால் சைடு லோயரில் முன்பின் தெரியாத இருவர் கால் நீட்டும் எல்லைப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும்.

லோயர் பெர்த் கிடைத்தவர் நிம்மதியாக இருக்க முடியாது. ரயில் மாம்பலம் தாண்டுவதற்குள் ஒரு இளைஞர் வந்து நிற்பார். "சார், அம்மாவுக்கு முட்டி வலி, நீங்க கொஞ்சம் மேல..." வங்கி அதிகாரி நாற்பது ஆண்டுகளாக மேலே போன காரணம் இதுதான். இன்று அவருக்கும் முட்டி வலி. ஆனாலும் யாராவது கேட்டால் பழக்க தோஷத்தில் ஏறிவிடுகிறார்.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் 'நளபாகம்' தோற்றுவிடும். மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெய் ஊறி, வாழையிலையில் மடித்த இட்லி தாம்பரத்திலேயே மணக்க ஆரம்பிக்கும். செங்கல்பட்டில் தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி விரிந்து கிடக்கும். வெளிநாட்டில் இருந்தால் அதற்கு ஒரு கண்ணாடிக் கூரை ரயில் விட்டிருப்பார்கள். இங்கே யாரும் நிமிர்வதில்லை. எலுமிச்சை சாதத்துக்கு வடாம் வந்ததா என்பதுதான் அப்போதைய கேள்வி.

தூரம் என்றால் பயப்படுகிற ஜாதியும் இல்லை ஸ்லீப்பர். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் 1929-ல் தொடங்கியபோது பெஷாவரிலிருந்து மங்களூர் வரை ஓடியது, கிட்டத்தட்ட 104 மணி நேரம். இன்று சென்னைக்கும் டெல்லிக்கும் இடையில் சுருங்கிவிட்டது. 2011-ல் வந்த விவேக் எக்ஸ்பிரஸ் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நாளைத் தாண்டும் அந்தப் பயணத்தில் எதிர் பெர்த்காரரின் ரத்தக் கொதிப்பு, பெண்ணின் ஜாதகம், வீட்டுக் கடன் பாக்கி எல்லாம் தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில் வெளிநாட்டிலிருக்கும் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். சுவிட்சர்லாந்தின் கிளேசியர் எக்ஸ்பிரஸ்: செர்மாட்டிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை 291 பாலங்கள், 91 குகைகள், சுற்றிலும் பனிமலை. உலகிலேயே மெதுவான எக்ஸ்பிரஸ் என்று அவர்களே விளம்பரம் செய்கிறார்கள். 291 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரம்.

"எட்டு மணி நேரமா? சிக்னல் கிடைக்கலையா?" என்றார் அம்மணி.

மெதுவாகப் போவதுதான் பெருமை என்றால் பரிசு நம் ஊருக்குத்தான். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டரை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை. 2005-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் கடுமை என்பதால் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த கம்பி. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். என்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அந்தப் பல்சக்கர ஏற்பாட்டைக் கண்டுபிடித்த ஆப்ட் என்பவரும் சுவிட்சர்லாந்துக்காரர்தான். பழைய நீராவி என்ஜின்களும் அங்கே வின்டர்தூரில் செய்தவை. மகள் காட்டிய ஊரின் தொழில்நுட்பம் நூறு வருஷத்துக்கு முன்பே மேட்டுப்பாளையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

வடபழனிக்காரர்களுக்கு ரயில் காட்சி புதிதல்ல. ஏவி.எம்., வாகினி ஸ்டுடியோக்களின் நிழலில் வளர்ந்தவர்கள். நின்றுகொண்டிருக்கும் பெட்டியை நாலு பேர் பிடித்து ஆட்டினால் அது ஓடும் என்பதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவர்கள். நிஜமாகவே ஆடும் ரயில் என்றால் அவர்களுக்கு ஊட்டி ரயில்தான். டேவிட் லீன் 'எ பாஸேஜ் டு இந்தியா'வுக்கு அங்கே வந்தார். மணிரத்னம் அதன் கூரைமேல் ஷாருக் கானை ஆடவிட்டார். 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சி கேத்தி நிலையத்தில் எடுத்தது. அதைச் சொன்னதும் அம்மணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கேத்தி வந்தா நீங்க பிளாட்பாரத்துல இறங்கிக் குரங்கு சேஷ்டை பண்ணக் கூடாது."

தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. இரவு ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ், காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம், 7.10-க்கு மலை ரயில். தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கும் வண்டி, பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கும் வண்டி. ஐந்து இரவுக்கு எட்டு லட்சம் கேட்டவர்கள் செய்யாத வேலை இது. ஸ்லீப்பர் கட்டணம் ஆளுக்கு நானூறு ரூபாய்க்குள். மிச்சப் பணத்தில் என்ன செய்யலாம் என்று கணவர் கேட்டார். "இருந்தாத்தானே மிச்சம்?" என்றார் அம்மணி.

கடல் வேண்டுமென்றால் எழும்பூர் பக்கமும் இதே கணக்குதான். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் என்ற ரயிலில் போய், தனுஷ்கோடியில் கப்பல் மாறிக் கொழும்பு போகலாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று, கப்பலும் போயிற்று. பெயர் மட்டும் இன்னும் ராமேஸ்வரம் போய்வருகிறது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாலத்தின்மேல் இரண்டு கிலோமீட்டர் கடலைக் கடக்க ஸ்லீப்பர் ஜன்னல் போதும். அலாரம் வைத்துக்கொள்வது பயணியின் பொறுப்பு.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு அறுபது நாளைக்கு முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. இரவு ரயில் முந்தின தேதி என்பதால் அது ஒரு நாள் முன்னதாகத் திறக்கும். மறுநாள் எட்டு மணிக்கு மலை ரயிலுக்கு உட்காருங்கள், அது சீக்கிரம் தீர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து மலை ரயிலை அடிக்கடி ரத்து செய்வார்கள். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. அப்படியும் டிக்கெட் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு பஸ் இருக்கிறது. அதிலும் ஜன்னல் உண்டு.