மேட்டைப் பாக்காத கண்ணு, கையைப் பாரு

வா கண்ணு, உக்காரு. கழுத்துல தொட்டில் கட்டுத் தொங்குது, மொகம் சுண்டிக் கெடக்குது. எத்தனாவது வளைவுல விழுந்த?

அடிவாரத்துல இருந்து நம்ம ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதிப் பலகை நட்டு வச்சிருக்காங்க. எதுக்குன்னு நெனைச்ச? வேகத்தைக் கொறைக்க. உங்க கூட்டத்துக்கு அது போட்டோ புடிக்கிற எடம். மழை பேஞ்ச ரோட்டுல ஈர எலை, முன்னால மூடுபனி, நடுவுல கொரங்கு. இத்தனையும் இருக்க, தலைக்கவசத்து மேல கேமரா வேற. நீ வண்டி ஓட்டுறியா, படம் ஓட்டுறியா?

சரி, விழுந்தாச்சு. விழுந்தவனைத் திட்டுறது கெழவனுங்களுக்குச் சொகமான வேலை. அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்கறேன்.

கையை ஊணி விழுந்திருந்தா மணிக்கட்டு போயிருக்கும். நீ கையை ஒடம்போட ஒட்ட வச்சுக்கிட்டுத் தோள் முனையால தரையை முட்டியிருக்க. அதான் காரை எலும்பு மூட்டு விலகிப்போச்சு. இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? பேத்தி ஒருத்தி பிசியோதெரபி படிக்கிறா. சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கம். திண்ணையில படுத்துக் கெடக்குறவனுக்கு வேற என்ன ஜோலி? அவ பரீச்சை எழுதுறா, நான் எழுதாமயே தேறிட்டேன்.

காரை எலும்போட வெளி நுனியும், தோள்பட்டை எலும்போட முகடும் சந்திக்கிற எடம்தான் அந்த மூட்டு. டாக்டருங்க ஏ.சி. ஜாயிண்ட்டும்பாங்க. அதை ரெண்டு ஜவ்வு புடிச்சு வச்சிருக்கு. ஒண்ணு மூட்டைச் சுத்தி. இன்னொண்ணு அதுக்குக் கீழ, காரை எலும்பைத் தோள்பட்டையோட இழுத்துக் கட்டுறது. ரெண்டாவதுதான் பெரிய கட்டு.

நம்ம காப்பிக் களத்துல தராசு தொங்குமே, பாத்திருக்கியா? மேல குறுக்குக் கட்டை, கீழ தட்டு, நடுவுல கயிறு. கயிறு அறுந்தா கட்டை மேல போகாது, தட்டுதான் கீழ எறங்கும். உன் தோளும் அப்படித்தான். எலும்பு மேல வந்துருச்சுன்னு அழுவுற. எலும்பு இருந்த எடத்துலதான் இருக்குது. கையோட கனத்துல தோளு கீழ எறங்கியிருக்குது. கண்ணுக்கு மேடு தெரியுது, அம்புட்டுத்தான்.

அந்த மேட்டை அமுக்குனா எறங்கும், விட்டா எந்திரிக்கும். டாக்டருங்க அதுக்குப் பியானோ கட்டைன்னு பேரு வச்சிருக்காங்க. அவங்க ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டு எழுதிக்கிட்டாங்க. நீ எதுக்குடா வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் அமுக்கிக் காட்டுற? கச்சேரியா பண்ணப்போற?

உனக்குத் தோளு விலகிச்சு, ஊருக்கு வாய் தொறந்துக்கிச்சு. எக்ஸ்ரே படத்தைத் தூக்கி குடும்ப வாட்ஸப் குரூப்புல போட்டா வேற என்ன ஆகும்? பெங்களூரு மச்சான், "ஒடனே பிளேட் வச்சிரு மாப்ளே"ங்கிறான். அவனுக்கு எலும்பு தெரியுமா, லேப்டாப்பு தெரியுமா? ஜிம்மு மாஸ்டரு பவுடர் டப்பாவை நீட்டுறாரு. அத்தைக்காரி ஆந்திராவுக்கு வண்டி புடிச்சுப் போயி புத்தூர் கட்டுப் போட்டுட்டு வாங்கறா. முறிஞ்ச எலும்பு அசையாம இருந்தாக் கூடிக்கும், அது எலும்போட குணம். உனக்கு எலும்பே முறியலையே சாமி! அறுந்தது ஜவ்வு. இதுல நீவி விடுறேன், இழுத்து விடுறேன்னு எவனாச்சும் வந்தா எந்திரிச்சு நடையைக் கட்டு. இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்னு, கையவே எடுக்க வேண்டி வந்த கதையும் நாட்டுல உண்டு.

இன்னொருத்தன் கிரிக்கெட்டு பேசுறான். 2021 மார்ச்சுல புனேயில இங்கிலாந்துகூட ஆடையில விழுந்த ஷ்ரேயாஸ் ஐயரு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அதே வருசம் செப்டம்பர்ல ஐபிஎல் ஆட வந்துட்டாராம். நல்லது. ஆனா அவருக்கு விலகுனது கை எலும்போட பந்து, கிண்ணத்தை விட்டு விலகுனது. அது கீழ இருக்குற பெரிய மூட்டு. உன்னுது மேல இருக்குற சின்ன மூட்டு. ரெண்டுக்கும் பேச்சுல தோள் விலகல்ங்கிறோம், வைத்தியம் வேற வேற. அடுத்தவன் சீட்டை வச்சு நீ மருந்து வாங்குவியா?

இனி விசயத்துக்கு வருவோம். ராக்வுட்டுன்னு ஒரு அமெரிக்க டாக்டரு 1984-ல இதை ஆறு வகையாப் பிரிச்சாரு. முதல் வகை, ஜவ்வு இழுத்துக்கிட்டது. ரெண்டாவது, மூட்டு ஜவ்வு கிழிஞ்சு, கீழ இருக்குற பெரிய கட்டு தப்பிச்சது. இந்த ரெண்டுக்கும் கத்தி வேண்டியதில்லைங்கிறதுல டாக்டருங்களுக்குள்ள சண்டை இல்ல. நாலாவதுல எலும்பு நுனி பின்னால போயி சதைக்குள்ள குத்திக்கும். அஞ்சாவதுல தோளு ரொம்ப எறங்கி, எலும்பு நுனி தோலையே முட்டிக்கிட்டு நிக்கும். ஆறாவதுல எலும்பு அடியில போயிச் சிக்கிக்கும், அது அபூர்வம். இந்த மூணுக்கும் ஆபரேஷன் பேச்சுத்தான் முன்னால வரும். அங்க வந்து, "நான் நாட்டு வைத்தியம் பாத்துக்கறேன்"னு முறுக்கிக்கிட்டு நிக்கக்கூடாது.

மிச்சம் இருக்குறது மூணாவது. ரெண்டு ஜவ்வும் அறுந்தது, ஆனா அஞ்சாவது அளவுக்குத் தோளு எறங்காதது. உன் சீட்டுல அதானே எழுதியிருக்கு? அங்கதான் பஞ்சாயத்து. படிச்சவங்க காலங்காலமா இதுக்கு வாதாடிக்கிட்டு இருக்காங்க, உங்க குரூப்பு ஒரே ராத்திரியில தீர்ப்பு எழுதிருச்சு.

கனடாவுல 83 பேரை வச்சு ஒரு சோதனை பண்ணி, 2015-ல வெளியிட்டாங்க. பாதிப் பேருக்குக் கொக்கி வச்ச பிளேட்டு, பாதிப் பேருக்குத் தொட்டில் கட்டும் பயிற்சியும். ஆறு வாரத்துலயும் மூணு மாசத்துலயும் யாரு கை நல்லா வேலை செஞ்சுச்சு? கத்தி படாதவன் கைதான். பொறவு ரெண்டு பேரும் சமம். எக்ஸ்ரே படத்துல மட்டும் ஆபரேஷன் பண்ணவன் எலும்பு அழகா இருந்துச்சு. படத்தை வச்சா சோறு பெசஞ்சு திங்கப்போற?

2019-ல காக்ரேன்னு ஒரு அமைப்பு ஆறு ஆராய்ச்சியை ஒட்டுக்காச் சேத்துப் பாத்துச்சு. மொத்தம் 357 பேரு, முக்காவாசி வாலிபப் பசங்க. அங்கயும் உன்ன மாதிரி ஆளுங்கதான் விழுவானுங்க போல. ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா, ஆபரேஷனால கைக்குக் கூடுதலா ஒரு பலனும் தெரியலைன்னாங்க. அந்த ஆதாரம் அவ்வளவு கெட்டி இல்லைன்னும் அவங்களே சொல்லிட்டாங்க. பெருசாப் படிச்சவன் அப்படித்தான் பேசுவான். முழுசா உறுதி, கேரண்டின்னு பேசுறவன் எங்கயோ எதையோ விக்கிறான்.

பிளேட்டு வைக்கிறது ஒரு தடவையோட முடிஞ்சுரும்னு நெனைக்காத. அந்தக் கொக்கி பிளேட்டைச் சில மாசத்துல திரும்ப எடுக்கணும், இல்லேன்னா முகட்டு எலும்பை அரிக்கும். அப்ப ரெண்டு ஆபரேஷன். பட்டன் வச்சு நூல்ல இழுத்துக் கட்டுற மொறையில எலும்புல ஓட்டை போடணும். சில பேருக்கு நூலு தளரும், சில பேருக்கு ஓட்டை போட்ட எடத்துல எலும்பு விரிசல் விடும், சீழ் புடிக்கிறதும் உண்டு. எல்லாருக்கும் வரும்னு சொல்லல. வராதுன்னு எவன் சொன்னான்?

நீ ராவெல்லாம் தூங்காம அழுவுறது வலிக்கா, மேட்டுக்கா? உண்மையைச் சொல்லு. பனியன் போட்டா அசிங்கமாத் தெரியுது, பொண்ணு பாக்கப் போனா என்ன நெனைப்பாங்கன்னுதானே? மேட்டை அறுத்தா அதே எடத்துல தழும்பு நிக்கும். மேட்டுக்கு வெக்கப்படுறவன் தழும்புக்கு என்ன பண்ணுவ? சட்டை போடுடா.

இது இன்னிக்கு நேத்து வந்த குழப்பமும் இல்ல. ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல ஆச்சு, கிரேக்க தேசத்து வைத்தியரு ஹிப்போகிரேட்டஸ் சொல்லிட்டாரு: மேடு நிக்கும், கை வேலை செய்யும், இதைப் பெரிய தோள் மூட்டு விலகலோட போட்டுக் கொழப்பாதீங்கன்னு. அவருக்குப் பின்னால வந்த கேலன்னு ஒரு பெரிய வைத்தியரு மல்லுக்கட்டையில அவருக்கே இது விலகிப்போச்சு. அவரும் கட்டு ரொம்ப இறுக்குதுன்னு பாதியில அவுத்துப் போட்டவருதான். வைத்தியனே கட்டை அவுக்கிறான், நீ அவுக்கமாட்டியா? அதனாலதான் சொல்றேன், அவுக்காத.

இப்ப கெழவன் கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லு. உன் கை என்ன வேலை பாக்குது?

நம்ம தோட்டத்துல சில்வர் ஓக்குல ஏத்துன மொளகுக் கொடியைப் பாரு. ஒருத்தன் ஏணி மேல நின்னு, நாளெல்லாம் தலைக்கு மேல கையைத் தூக்கிப் பறிக்கிறான். இன்னொருத்தன் காப்பி மூட்டையைத் தோளுல ஏத்துறான். கொத்தனாரு கூரைக்குப் பூசுறாரு. பந்து வீசுறவன் ஒருத்தன். இவங்களுக்கெல்லாம் மூணாவது வகை வந்தா, ஆபரேஷன் வேணுமான்னு டாக்டரோட உக்காந்து ரோசனை பண்றதுல ஞாயம் இருக்கு. தோளுதான் அவன் சோறு. நீ? உக்காந்த எடத்துல பொட்டி தட்டுற. தலைக்கு மேல கை போறது செல்பிக்கு மட்டுந்தான். அதுக்கு எதுக்குடா எலும்புல ஓட்டை?

கத்தி வேணாம்னா சும்மா கெடக்கலாம்னு நெனைச்சுக்காத. அங்கதான் உங்க கூட்டம் கோட்டை விடுது. வலி அடங்குற வரைக்கும், ஒரு வாரத்துல இருந்து மூணு வாரம் போல, தொட்டில் கட்டு. ஐஸ் ஒத்தடம், டாக்டரு சொன்ன மாத்திரை. வெரலு, மணிக்கட்டு, முழங்கையை மொத நாள்ல இருந்தே ஆட்டணும். வலி கொறைஞ்சதும் தோளை மெதுவாத் தூக்கிப் பழகணும். பொறவு தோள்பட்டையைச் சுத்தி இருக்குற சதைக்கு ரப்பர் பட்டி வச்சுப் பயிற்சி. அறுந்த ஜவ்வு செய்யாத வேலையை அந்தச் சதைதான் செய்யப்போகுது. கனம் தூக்குறது, மல்லுக்கட்டுறது, வண்டியில பறக்கறது எல்லாத்துக்கும் ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் லீவு. பிசியோதெரபிக்கு ரெண்டு நாள் போயிட்டு, மூணாம் நாள் "பலனே இல்ல தாத்தா"ன்னு வந்து நின்னியோ, கைத்தடி எடுப்பேன்.

ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா பொறவு பண்ணவே முடியாதோன்னு பயப்படுறியா? கதவு சாத்திறாது. ஆனா ரொம்ப நாள் ஆனா பழைய ஜவ்வு ஒதவாது. வேற எடத்துல இருந்து நார் எடுத்துக் கட்ட வேண்டி வரும், வேலை பெருசு. அதனால மொத வாரத்துலயே எலும்பு டாக்டருகிட்டப் போயி, சீட்டுல எழுதுன வகை சரிதானான்னு உறுதி பண்ணிக்க. ரெண்டு தோளையும் சேத்துப் படம் எடுத்தா எம்புட்டு எறங்கியிருக்குன்னு ஒப்பிட்டுப் பாக்கலாம். கை மரத்துப்போனா, வெரலு சில்லுன்னு ஆனா, தோலு வெளுத்து இழுத்துக்கிட்டு நின்னா, மூச்சு விட நெஞ்சு வலிச்சா, அப்ப திண்ணைப் பேச்சே வேணாம். நேரா சேலம் பெரிய ஆஸ்பத்திரி. ரோட்டுல விழுந்தவனுக்கு மொத 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசாங்கமே ஏத்துக்குற திட்டம் 2021 டிசம்பர்ல இருந்து இருக்கு. காசில்லைன்னு வீட்டுல படுத்துறாதீங்க.

டாக்டருகிட்ட மூணே கேள்வி கேளு. என்னுது உறுதியா எந்த வகை? ஆபரேஷன் பண்ணா என்ன கெடைக்கும், பண்ணாட்டி என்ன போகும்? திரும்ப எடுக்க வேண்டிய சாமான் எதுவும் உள்ள வைப்பீங்களா? பதில் சொல்ல நேரம் இருக்குற டாக்டரா பாத்துப் போ. கேள்வி கேட்டாக் கோவிச்சுக்கிட்டா, வேற டாக்டரையும் ஒரு தடவை பாரு.

தீர்ப்பு இதுதான் கண்ணு. ஒண்ணு, ரெண்டுன்னா கட்டும் பயிற்சியும் போதும். நாலு, அஞ்சு, ஆறுன்னா நாள் கடத்தாத. மூணுன்னா மூணு மாசம் ஒழுங்காப் பயிற்சி பண்ணு. அதுக்கப்புறமும் வலி விடலையா, கை மேல போகலையா, அப்பக் கத்தியைப் பத்தித் தாராளமாப் பேசலாம். மேடு மட்டும் பாக்கின்னா, அதைத் தோளுல வச்சுக்கிட்டே கல்யாணம் கட்டிக்க. பொண்ணு வீட்டுல மேட்டைப் பாக்கமாட்டாங்க, நீ மூட்டை தூக்குவியான்னுதான் பாப்பாங்க.