இட்டேரியில் ஓடிய வருஷம்

அதிகாலையில் தார்ச்சாலையில் ஓடுகிறவனைச் சர்க்கரை வியாதிக்காரன் என்று நினைத்து மரியாதையாக வழிவிடுவார்கள். இட்டேரியில் ஓடுகிறவனுக்கு அந்த மரியாதை கிடையாது. "ஏனுங் தம்பி, மாடு அவுத்துட்டு ஓடிருச்சுங்களா?" என்றுதான் கேட்பார்கள். கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர் பக்கம், கிளுவை வேலிக்கு நடுவே போகும் மண்பாதைகளில் இந்த வருஷம் பூராவும் ஓடியதில், எத்தனையோ நல்லவர்கள் என்னோடு சேர்ந்து இல்லாத மாட்டைத் தேடியிருக்கிறார்கள். ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வெகுதூரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அந்தப் பக்கம் இல்லீங்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வேறு பக்கம் ஓடினேன்.

ட்ரெயில் ரன்னிங் என்றால் காட்டுக்குள் அல்லவா ஓட வேண்டும் என்பீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். நாம் உள்ளே போகக் கூடாது, சரி. யானை வெளியே வருவதற்கு அனுமதி கேட்பதில்லை. ஆகவே என் பயிற்சி அட்டவணையைப் போடுவது ஊர் வாட்ஸ்அப் குழு. "ஒத்தைக் கொம்பன் வாழைத் தோட்டத்துல" என்று செய்தி வந்தால் அன்று நான் பால் வாங்கப் போகிறேன்.

யானையைப் பற்றி 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. தாய்லாந்து யானைகளை விரட்டி அளந்ததில், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போயிருக்கின்றன. ஆனால் அந்த வேகத்திலும் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பவில்லையாம். அதாவது, இலக்கணப்படி பார்த்தால் அது ஓட்டமா என்பதே சந்தேகம்! 2023-இல் சிகாகோ மாரத்தானை 2 மணி 35 விநாடியில் முடித்த கெல்வின் கிப்டமின் வேகமே மணிக்கு 21 கிலோமீட்டர்தான். இதை வீட்டில் சொன்னேன். "அப்ப நீங்க ஓடியும் பிரயோசனமில்லீங்களே" என்றாள் மனைவி. நல்ல எண்ணத்தில்தான்.

வீட்டில் ஆளுக்கொரு பங்கு என் ஓட்டத்தில் உண்டு. தண்ணீர் குடிக்கவென்று வாங்கிய, நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும் பையை அம்மா முதல் நாளே கூடையாகப் பார்த்துவிட்டார். போகியன்று காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் அதில்தான் வந்தன. மழைக்காலத்தில் முடக்கத்தான். "எவ்வளவு தூரம் ஓடினே கண்ணு?" என்று அவர் கேட்டதே இல்லை. "இளசாப் பாத்துப் பறிச்சியா?"

பங்குனியில் மாமனார் வெள்ளிங்கிரி மலைக்குக் கூப்பிட்டார். பூண்டியில் ஆரம்பித்து ஏழு மலை. அவர் வெறுங்கால், மூங்கில் தடி, மடித்துக் கட்டிய வேட்டி. எனக்கு எட்டாயிரம் ரூபாய் ஷூ. ஏறும்போது வழுக்குப்பாறை வரை பேசிக்கொண்டே போனோம். அதாவது, அவர் பேசினார். இறங்கும்போதுதான் நான் ஓடிக் காட்டினேன். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே பிரேக்கும் போட வேண்டும். அந்த வலி அன்றைக்கு வராது. மறுநாள் சாவகாசமாக வரும். மறுநாள் பங்காளி வீட்டுக் கல்யாணம், தரையில் பந்தி. நான் உட்காரப் பார்த்து, பாதி வழியில் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை. மாமனார் சம்மணம் போட்டு இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளைக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்றார், மண்டபம் பூராவும் கேட்க.

ஐப்பசியில் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜாஸ்மின் பாரிஸ் கதையைச் சொன்னேன். ஸ்காட்லாந்தில் கால்நடை மருத்துவர். 2019 ஜனவரியில், பெனைன் வே மலைப்பாதையில் 431 கிலோமீட்டர் ஸ்பைன் ரேஸை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண்களையும் சேர்த்து எல்லோரையும் முந்தியவர். அதுவும் கைக்குழந்தைக்காக வழியில் தங்குமிடங்களில் தாய்ப்பால் எடுத்து வைத்தபடி. இந்த விளையாட்டு மனிதரை எங்கே கொண்டுபோகிறது பார் என்பது என் கருத்து. மனைவி தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"அந்த நாலு நாளும் குழந்தைய யாருங்க வெச்சிருந்தா?"

"நான் படிச்சதுல அது இல்லியே."

"எழுத மாட்டாங்க. வெச்சிருந்தவங்களைக் கேட்டாத்தானே?"

மகன் சிரித்தான். மகளுக்குப் புரியவில்லை, அவளும் சிரித்தாள். ஒரு வாரம் கழித்து என் ஷூ ரேக்கில், என்னுடையதைவிட விலை கூடிய ஒரு ஜோடி புதிதாக இருந்தது.

தை மாதம் நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் ஒரு போட்டி. 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருப்பது அவள். யானை இல்லாத காலைகளில் இட்டேரியில் ஓடுவதும் இப்போது அவள்தான். மாடு தொலைந்துவிட்டதா என்று அவளை யாரும் கேட்பதில்லை, "நம்ம தம்பி சம்சாரம், வேகமாப் போகுதுங்" என்கிறார்களாம். எனக்கு மாவு ஆட்டுவது, டிபன் பாக்ஸ், மகளுக்கு ரெட்டைச் சடை. இடது சடையில் என் வேகம் ஓரளவு தேறிவிட்டது. வலதுக்குப் போவதற்குள் பள்ளி வேன்காரர் ஹாரன் அடித்துவிடுகிறார்.