அழுக்குக்கோடு: ஒரு முன்னாய்வு

தமிழர் எந்தக் காலத்தில் எதைப் படிக்கிறார்கள் என்று ஆராயப் புகுந்தவர்கள் இதுவரை விற்பனைக் கணக்கையும் பதிப்பாளரின் வாய்மொழியையும் நம்பிக் கெட்டார்கள். விற்பனைக் கணக்கு வாங்கியதைத்தான் சொல்லும், படித்ததைச் சொல்லாது. பதிப்பாளரோ, புத்தகம் எப்படிப் போகிறது என்று கேட்டால், எழுத்தாளர் அருகில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டே வாயைத் திறப்பார். ஆகவே பொய் சொல்லத் தெரியாத ஒரு சாட்சியை இக்கட்டுரை கூண்டில் ஏற்றுகிறது. அது அழுக்கு.

புத்தகத்தை மூடி மேசையில் படுக்கவைத்து, முதுகுக்கு எதிர்ப்புற விளிம்பை உற்றுப் பாருங்கள். விரல் பட்ட தாள்களெல்லாம் சேர்ந்து பழுப்புப் பட்டையாகத் தெரியும். படாத தாள்கள் அச்சகத்தில் வெட்டிய வெண்மை மாறாமல் நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடம் அழுக்குக்கோடு எனப்படும். வாசகர் விடைபெற்றுக்கொண்ட இடம் அதுவே என்க.

அற்றேல், புத்தகக் கண்காட்சியில் டெல்லி அப்பளம் தின்ற கையோடு புரட்டியவரை என் செய்வது எனின், எண்ணெய் தாளுக்குள் ஊறும், விரல் அழுக்கு விளிம்பிலேயே தங்கும். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் ஆய்வுக்கு வரவேண்டாம். கைகழுவிவிட்டுப் படிப்பவர் உளரே எனின், உளர். அவர்கள் புத்தகத்தை இரவல் தருவதில்லையாதலால் நம் பார்வைக்கு வாரார்.

ஆய்வுக்களங்கள்: உறவினர் வீட்டு அலமாரிகள், ஒரு கிளை நூலகம், பழைய புத்தகக் கடைகள். முதன்மைத் தரவு: பொன்னியின் செல்வன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானபின் பல பதிப்பகங்கள் அதை வெளியிட்டுவிட்டதால், ஐந்து பாகங்களும் பல பருமனில், பல விலையில் கிடைக்கின்றன. 2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னம் அதைப் படமாக்கியதன் முதல் பகுதி வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில், தினத்தந்தியைக்கூடப் பின்பக்கத்திலிருந்து தொடங்கும் என் மைத்துனர் முதல், தமிழில் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த அவர் மகள் வரை, எல்லார் வீட்டிலும் ஐந்து பாகப் பெட்டி இறங்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: “படம் வர்றதுக்குள்ள முடிச்சிடணும்.”

இந்த வாக்கியத்தில்தான் நம் ஆய்வின் உயிர் இருக்கிறது. இப்படி எழும் அலை ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பதோடு நிற்பதில்லை, கெடுத்தேதியும் வைக்கிறது. கெடு கடந்ததும் படிப்பதற்கான காரணமும் கடந்துவிடுகிறது. ஆராய்ந்த பெட்டிகளில் முதல் பாகமான புது வெள்ளம் நல்ல கறுப்பு. வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவனின் குதிரை நடக்கும் பக்கங்களைத் தமிழகத்தின் மிக அழுக்கான இலக்கியப் பகுதி என்று தயங்காமல் அறிவிக்கலாம். சுழற்காற்றில் பழுப்பு, கொலைவாளில் இளமஞ்சள், அதற்குமேல் பனிவெளி. கல்கி செய்த கொடுமையையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்: மொத்தம் 293 அத்தியாயங்களில் 91ஐக் கடைசிப் பாகத்தில் வைத்துவிட்டார். மலையேறுபவனுக்கு உச்சியில் இன்னொரு மலை.

இரண்டாம் படம் 2023 ஏப்ரல் 28இல்தான் வந்தது. ஏழு மாத அவகாசம் இருந்தது, இடையே ஒரு பொங்கல் விடுமுறையும் இருந்தது. ஆயினும் கோடு நகரவில்லை. நடிகர்களின் முகம் மனத்தில் பதிந்தபின் எழுத்தைப் படிப்பது வீண் செலவு என்று வாசகர் கருதினார் போலும்.

இதை வைத்து, அந்தக் காலத்தவர் உத்தமர், இந்தக் காலத்தவர் பொறுமையற்றவர் என்று முடிவுகட்டுவாரும் உளர். அது பொருந்தாது. இதே நாவல் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது அடித்ததும் அலைதான். அன்றைய வாசகர்கள் தொடரைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். மணியத்தின் ஓவியங்கள் ஒருபுறம், அதே தாளின் மறுபுறம் தலைவலித் தைல விளம்பரம். பைண்டர் ஓரம் வெட்டியதில் சில இடங்களில் கடைசி எழுத்துகள் போய்விட்டிருக்கும். அவற்றில் அழுக்குக்கோடு என்ற ஒன்றே இல்லை. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கறுப்பு. காரணம் ஒழுக்கமன்று, பற்றாக்குறை. வாரத்துக்குச் சில பக்கம்தான் கிடைக்கும். வீட்டுக்கு ஒரு பிரதி. அப்பா முடித்து, சித்தி முடித்து, அடுத்த வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். மொத்தமாகக் கொடுத்திருந்தால் அவர்களும் ஏரிக்கரையிலேயே தங்கியிருப்பார்கள்.

மெல்லிய நூல்களில் நிலைமை வேறு. சி.சு. செல்லப்பாவின் வாடிவாசல் ஒரே பிற்பகலில் நடந்து முடியும் குறுநாவல். வெற்றிமாறன் படமாக்கப்போகிறார் என்ற செய்தியாலேயே கைக்குக் கை போனது. காளை நின்றுகொல்வதற்குள் கதை முடிந்துவிடுவதால் கோடு பின்னட்டையைத் தொட்டுவிடுகிறது. பூமணியின் வெக்கை 1982இல் வந்தது. 2019இல் அதைத் தழுவிய அசுரன் படம் வெளியானபின் வாங்கியவர்களின் பிரதிகளில் அழுக்கு விட்டுவிட்டுக் காணப்படுகிறது. இளவயதுத் தனுஷின் முன்கதையைத் தேடிப் புரட்டியிருக்கிறார்கள். அது திரைக்கதையின் சேர்க்கை. நாவல் சிதம்பரம் என்ற சிறுவனைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் போகிறது. வாசகர் படத்துச் சிவசாமியைக் கேட்டுக்கொண்டு ஊரிலேயே நின்றுவிட்டார்.

தொலைக்காட்சிப் பரிந்துரையை விரித்துப் பேச ஒன்றுமில்லை. 2020இல் பிக்பாஸ் மேடையில் கமல்ஹாசன் வாரந்தோறும் புத்தகம் காட்டினார். கடைக்கு வந்தவர்கள் நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் ஒருசேர மறந்து “கமல் சொன்ன புத்தகம்” என்று கேட்டார்கள். முன்னட்டை தேய்ந்திருக்கிறது, உள்ளே கன்னி நிலம்.

அழுக்கியலின் மிகக் கடினமான சான்று பெருமாள்முருகனின் மாதொருபாகன். 2010இல் வந்த நாவல். நான்கு ஆண்டுகள் அமைதியாக அலமாரியில் இருந்தது. 2014 இறுதியில் எதிர்ப்பு கிளம்பியபோது திருவிழாவைச் சொல்லும் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் விநியோகித்தார்கள். அவற்றைப் படித்துக் கொதித்தவர்களிடம் நாவலே இல்லை. ஆகவே விளிம்பும் இல்லை, கோடும் இல்லை. பிற்பாடு ஆவலோடு வாங்கியவர்களின் பிரதிகளில் திருவிழாப் பகுதியில் மட்டும் ஒரு கரும்புள்ளி, முன்னும் பின்னும் வெண்மை. காளி, பொன்னா இருவரின் இல்லறத்தை இத்தனை பக்கம் சொன்ன மனிதரை, அந்த ஒரு புள்ளிக்காக எழுத்தாளன் செத்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அறிவிக்கவைத்தார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் நாவலை முழுதாகவே எடுத்துக்கொண்டு பேசினார்கள். அந்தப் பிரதியின் விளிம்பைக் காணும் பேறு ஆய்வாளனுக்கு வாய்க்கவில்லை.

எஞ்சியிருப்பது நம் கோட்பாட்டுக்கு நேர்மாறான ஒரு பெட்டி. கிளை நூலகத்துப் பொன்னியின் செல்வனில் முதல் நான்கு பாகங்கள் ஓரளவே அழுக்கு. ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பகுதி அடுப்படித் துணிபோல் இருக்கிறது. தேதிச் சீட்டைப் பார்த்தேன். முத்திரைகள் இரண்டு படங்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மொய்த்திருந்தன. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள நேரே கடைசிக்குப் போயிருக்கிறார்கள். கல்கி அதைத் திட்டவட்டமாகச் சொல்லாமல் போனவர். தொடர் முடிந்தபோது வாசகர்கள் கேள்விமேல் கேள்வி கேட்க, ஒரு முடிவுரை எழுதிப் பல பாத்திரங்களின் பிற்காலத்தைத் தெரிவித்தார். நூலகப் பிரதியில் அந்த முடிவுரைதான் உச்சபட்ச அடர்த்தி. அதன் ஓரத்தில் பென்சிலால், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, யாரோ எழுதியிருக்கிறார்கள்: “அப்ப யாருதான்யா?”

கீழே வேறு கையெழுத்தில்: “பார்ட் டூ பாருங்க.”