தேர் போட்ட வரைபடம்

கேள்வி: திருவண்ணாமலை திட்டமே இல்லாமல் வளர்ந்த ஊர்தானே?

பதில்: திட்டம் இருந்தது, போட்டவை தேரும் கால்களும். கார்த்திகைத் தீபத் திருவிழாவில் பெரிய தேர் கோயிலைச் சுற்றிவர மாடவீதிகள் அகலமாக வேண்டும். மூலையில் ஒரு திண்ணை நீண்டாலும் தேர் நின்றுவிடும். வீடுகள்தான் ஒதுங்கியாக வேண்டும். மேற்கே மலை மறித்ததால் ஊர் கிழக்கே விரிந்தது. மலையைச் சுற்றி நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையோ அஷ்டலிங்கங்கள், குளங்கள், ஆசிரமங்கள், இப்போது விடுதிகள் என ஊரைத் தன் பக்கம் வளைத்துக்கொண்டது. 1989-இல் மாவட்டத் தலைநகரானதுதானே ஊரை மாற்றியது என்பீர்கள். பெருக்கியது, உண்மை, ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்கால் பக்கம் போனது. ஆனாலும் தேர்வீதிதான் இன்றும் ஊரின் மையம். பழைய ஊர் மலையைச் சுற்றியது, புதிய வீடுகள் மலைமேலேயே ஏறுகின்றன. 2024 டிசம்பரில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் சரிந்த மண் 7 உயிர்களைக் கொண்டுபோனது. அடிவாரத்தில் இனியும் மனை போட அனுமதிக்கக் கூடாது.