நூறு சதவீத வேலைவாய்ப்பு

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். மல்லூர் தாண்டுவதற்குள் நாலைந்து கல்லூரி பிளெக்ஸாவது கண்ணில் படும். கோட் போட்ட பையன், லேப்டாப்போடு சிரிக்கும் பெண், தலைக்கு மேலே 'நூறு சதவீத வேலைவாய்ப்பு'. பொய்யில்லை. அந்த இருவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. பிளெக்ஸில் சிரிப்பது.

அதை நம்பி ராசிபுரத்துத் தறிக்காரர் மகனை பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கிறார். லேபில் ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர். ஒருவன் கீபோர்டு, ஒருவன் மவுஸ், மூன்றாமவன் பார்வையாளர். கரண்ட் போனால் மூவருமே பார்வையாளர்கள். ஸ்கிரீனில் வந்த அவுட்புட்டை ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதி, பென்சிலால் கட்டம் கட்ட வேண்டும். கம்ப்யூட்டர் ஒரு நொடியில் செய்ததை மனிதன் ஒரு மணி நேரத்தில் செய்யப் பழக்குகிறார்கள். மார்க் கையெழுத்துக்கு.

சொல்லிக்கொடுப்பவர்கள்? அரசுக் கல்லூரிகளைத் தாங்கி நிற்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2019இல் யுஜிசி சொன்னது. தமிழக அரசு 2024இல் மூச்சு வாங்க 25,000 வரைதான் ஏறியிருந்தது. பொறியியல் கல்லூரிகளின் சாமர்த்தியம் தனி. 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பேராசிரியர்களாகக் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே இழுத்துப் போட்டது. மொத்தம் 224 கல்லூரிகள். இன்ஸ்பெக்‌ஷன் போனவர்கள் எதைப் பார்த்தார்கள்? பரிமாறிய பஜ்ஜியையா? நூறு சதவீதத்துக்கும் மேல் வேலைவாய்ப்பு பெற்றவர்கள் இந்த நாட்டில் அந்த 353 பேர்தான்.

தொழில் தொடங்குங்கள் என்று பட்டமளிப்பு மேடைகளில் அறிவுரை வேறு. பெரியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரே தொடங்கிவிட்டார் என்பது புகார். பல்கலைக்கழகப் பெயரில் தனி நிறுவனமாம். 2023 டிசம்பரில் கைதானார்.

2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் ஆள் எடுக்க விளம்பரம் செய்தது. ஆண்டுக்கு 2.52 லட்சம். நாடே கொதித்தது. இது இன்ஜினியர்களுக்கு இல்லை, மூன்று வருட டிகிரிக்காரர்களுக்கு என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. கொதிப்பு அடங்கியது. தறிக்காரர் மகனுக்குத்தானே, இருக்கட்டும்! மாதம் 21,000. சென்னையில் ரூமுக்கும் மெஸ்ஸுக்கும் போக மிச்சம் ஊருக்கு. அதுவும் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. கிடைக்காதவன் குரூப் 4 எழுதப் போகிறான். 2022இல் அங்கே 7,301 இடத்துக்கு 22 லட்சம் பேர் மனுப் போட்டார்கள்.

கடைசியில் பெரிய மனிதர்கள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள்: பையனுக்குத் திறன் இல்லை. அந்தத் திறனைக் கொடுக்கவென்றே 2022இல் 'நான் முதல்வன்' என்ற அரசுத் திட்டம் வந்தது. வரட்டும். அப்படியானால் மூன்று வருடமாக ஃபீஸ் வாங்கியது எதற்கு? அந்தக் கேள்வி மட்டும் எந்தச் செமஸ்டரிலும் வரவில்லை.

பிளேஸ்மென்ட் நடக்கவே இல்லை என்று சொன்னால் பாவம். எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்குக் கேம்பஸிலேயே ஆர்டர் கொடுத்தார்கள். கடன் வசூல் கம்பெனி. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கல்விக் கடன் கட்டாதவர்களைப் போனில் மிரட்ட வேண்டும். முதல் நாள் கையில் கொடுத்த பட்டியலில் பாதிப் பேர் அவனுடைய சீனியர்கள்.