பித்தளைக்குப் பேரீச்சம்பழம்

திண்டுக்கல் பக்கம் எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணி. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அப்பத்தா அதைப் பித்தளைத் தவலையில் கொதிக்கவிட்டு, ஆறியதும் தாத்தாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பானையில் ஊற்றுவாள். தவலை அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு படிந்திருக்கும். புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. "காய்ச்சலேன்னா இதெல்லாம் வயித்துக்குள்ள போயிருக்கும்டா" என்பாள். ஏழாம் வகுப்பு அறிவியல் படித்த நான் சிரிப்பேன்.

பிறகு பிளாஸ்டிக் குடம் வந்தது. தவலை எடைக்குப் போனது; அந்தக் காசில் நாலு கலரில் நாலு குடம். இடுப்புவலி போச்சு என்றாள் அம்மா, அது பொய்யில்லை. அதற்குப் பிறகு இருபது லிட்டர் கேன். விருந்தாளிகளிடம், "கேன் தண்ணிதான், தைரியமாக் குடிங்க" என்று உபசரிக்கும் அளவுக்கு வளர்ந்தோம்.

2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அந்நாட்டுக் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரை லேசர் வைத்து எண்ணினார்கள். லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 பிளாஸ்டிக் துணுக்குகள். பத்தில் ஒன்பது, நானோ அளவு. அதே ஆண்டு இத்தாலிய மருத்துவர்கள், 257 பேரின் கழுத்துத் தமனியிலிருந்து எடுத்த கொழுப்படைப்பைச் சோதித்தார்கள். 150 பேரிடம் பாலிஎத்திலீன். துணுக்கு இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரண ஆபத்து, இல்லாதவர்களைவிட 4.5 மடங்கு. பிளாஸ்டிக்தான் காரணம் என்று அவர்களே அடித்துச் சொல்லவில்லை. நான் மட்டும் நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

வழி சொன்னவர்கள் சீன ஆய்வாளர்கள். உப்புத் தண்ணியைக் கொதிக்கவைத்தால் சுண்ணாம்பு திரண்டு பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொதிந்துகொள்ளும். வடிகட்டினால் 90 சதவீதம்வரை போய்விடும். ஆய்வகம், கருவி, கட்டுரை எல்லாம் வைத்து அப்பத்தாவின் அடுப்படிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

அன்றிரவே கேன் தண்ணியைக் கொதிக்கவைத்தேன். அடியில் ஒரு பொட்டுப் பொருக்கு இல்லை. எப்படி இருக்கும்? அந்தச் சுண்ணாம்பை எடுத்துவிட்டுத் தருவதற்குத்தானே கேன்காரருக்கு மாதாமாதம் காசு. உப்பில்லாத் தண்ணியில் கால்வாசிதான் போகுமாம். சரி, கால்வாசியாவது போகட்டும் என்று வடிகட்டி கேட்டேன்.

மனைவி எடுத்து நீட்டினாள். பச்சைக் கலர், பிளாஸ்டிக்.